வலக்கையில் இல்லாத ஊர்

ஹைடி தன் வலக்கையைத் தூக்கி, உள்ளங்கையை முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டு, "எல்லாரும் இந்த மாதிரிக் கையைத் தூக்குங்க பாக்கலாம்" என்று மைக்கில் சொன்னாள். ஆல்டர் ஹார்பர் உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிலர் மரியாதைக்குத் தூக்கினார்கள். ஹைடி அதைக் கவனிக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் மாணவர் சேர்க்கை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் இதே பேச்சை எத்தனையோ பள்ளிகளில் பேசியிருக்கிறாள். தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வாள். "இதுதான் நம்ம மிச்சிகன். உங்க ஊர் இதுல எங்க இருக்கோ, அங்க இன்னொரு கை விரலை வைங்க."

மிச்சிகன்காரர்களிடம் எந்த ஊர் என்று கேட்டால் வாய் பதில் சொல்லாது, கைதான் மேலே போகும். மாநிலம் அப்படியே ஒரு விரித்த கை. கட்டைவிரல் பக்கம் பீட் சர்க்கரை வயல்கள், சுண்டுவிரல் நுனியில் செர்ரித் தோட்டங்கள், கட்டைவிரல் அடிமேட்டில் கார் தொழிற்சாலை ஊர்கள். தெற்கே உள்ள பள்ளிகளில் பிள்ளைகள் ஆளுக்கொரு இடத்தில் விரலைக் குத்திக்கொண்டு சிரிப்பார்கள். கூச்சம் போய்விடும். பிறகு அந்தக் கையை வைத்தே எந்தப் பக்கம் என்ன கல்லூரி, எங்கே மருத்துவம், எங்கே பொறியியல், எங்கே விவசாயம், வீட்டிலிருந்து எத்தனை தூரம் என்று மாநிலத்தையே ஒரு சுற்று சுற்றிக் காட்டிவிடுவாள். ஹைடி மாதிரி ஆரம்பிக்கப் பழகுங்கள் என்று மேலதிகாரி புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார்.

எல்லாம் சரிதான். ஆனால் மிச்சிகன் ஒரு கை அல்ல, இரண்டு கை. பெரிய பாலத்தைத் தாண்டினால் மேலே இன்னொரு துண்டு நிலம் குறுக்காகக் கிடக்கிறது. அதைக் காட்ட இடக்கையை வலக்கை விரல்களுக்கு மேலே படுக்க வைக்க வேண்டும். மேலே பிறந்த குழந்தை பால்குடி மறப்பதற்குள் இதைக் கற்றுக்கொண்டுவிடும். ஆல்டர் ஹார்பர் அந்த இடக்கையின் நிமிர்ந்த கட்டைவிரலில், சுப்பீரியர் ஏரிக் கரையில் இருக்கிறது. ஹைடி காலியோ பிறந்ததும் அங்கேதான். பதினெட்டு வயதுவரை வளர்ந்ததும் அங்கேதான். அவள் நின்று பேசிக்கொண்டிருந்த அதே மரத்தரையில்தான் கூடைப்பந்து விளையாடி முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். அப்படிப்பட்டவள், அந்த ஊரில் வந்து நின்று, ஒற்றைக் கையைத் தூக்கிக்கொண்டு, இதுதான் நம்ம மாநிலம் என்றால் என்ன சொல்வது? பெற்ற தாயை யாரென்று கேட்டது மாதிரிதான்.

முதலில் அவள் கண்ணில் பட்டது மூன்றாம் வரிசையில் இருந்த பையன்கள்தான். வலக்கையைத் தூக்கி, நடுவிரல் நுனிக்கு மேலே, ஒன்றுமே இல்லாத காற்றில், இன்னொரு கை விரலை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கேலிதான். இந்த ஊரில் கேலி செய்யாமல் யாரும் யாரிடமும் பேச மாட்டார்கள். அப்போதுதான் எந்த ஊரில் நின்று பேசுகிறோம் என்பதே அவளுக்கு உறைத்தது. அடுத்து பிரிட்டாவைப் பார்த்தாள். அவள் அண்ணன் டேலின் ஒரே மகள், பள்ளியில் கடைசி வருடம். முதல் வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் கேலி இல்லை. அத்தை மறந்துவிட்டாள், எடுத்துக் கொடுப்போம் என்று தன் இடக்கையை மெல்ல உயர்த்தி, வலக்கைக்கு மேலே குறுக்காக வைத்து, ஹைடியின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாடம் மறந்த பிள்ளைக்குப் பக்கத்து இருக்கைப் பிள்ளை ரகசியமாக எடுத்துக் கொடுப்பதைப் போல.

அந்த இடத்தில் ஹைடி தலையில் அடித்துக்கொண்டு, "அட, நான் ஒரு மடச்சி" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கூடமே சிரித்திருக்கும். அதோடு போயிருக்கும். ஊர் அவளை அள்ளி வைத்துக்கொண்டிருக்கும். ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது பழக்கம். தெற்கே பேசும்போது எவனாவது ஒரு குறும்புக்காரன், "அப்ப மேல இருக்குறது?" என்று கேட்பான். அதற்கென்று ஒரு பதில் வைத்திருந்தாள். எப்போது சொன்னாலும் கூட்டம் சிரிக்கும். பிரிட்டாவின் இரண்டு கைகளையும் பார்த்தபடியே அதைச் சொல்லிவிட்டாள்.

"மேல இருக்குறதையா? அதைப் பக்கத்து மாநிலம் விஸ்கான்சினுக்கே குடுத்துரலாம்னு பேச்சு. பனியும் கரடியும்தான, கேக்கவா போறாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. பின்வரிசையில் பெற்றோர் பக்கமிருந்து மெல்லியதாக ஒரு சிரிப்பு வந்தது. விருந்தாளி ஏதோ சொல்கிறாள், சிரித்து வைப்போம் என்கிற சிரிப்பு. பையன்கள் விரலை இறக்கிக்கொண்டார்கள். பிரிட்டா இடக்கையை முதலில் இறக்கினாள், பிறகு வலக்கையை. இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது ஹைடிக்கு. ஆனால் அந்தப் பாழாய்ப்போன நாக்கு நிற்கவில்லை. விடுதி வசதி, ஆய்வுக்கூடம், இசைத் துறை, பெற்றோர் கல்லூரி வாசலையே மிதிக்காதவர்களின் பிள்ளைகளுக்கான உதவித்தொகை என்று அது பாட்டுக்கு ஓடியது. நானும் இந்த ஊர்ப் பெண்தான் என்று முதலிலேயே சொல்ல நினைத்திருந்தாள். வரும் வழியெல்லாம் காரில் அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். மைக்கைக் கையில் வாங்கியதும், கடைசியில் சொன்னால் இன்னும் எடுபடும் என்று தள்ளிப்போட்டாள். கடைசி வந்தபோது அந்த வாக்கியத்தைச் சொல்ல அவளுக்கு வாயில்லை. நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

ஒரே நாளில் வந்த வினையல்ல இது. பல்கலைக்கழக விடுதியில் முதல் இரவு, அறைத்தோழிகள் ஆளுக்கொரு கையைத் தூக்கித் தங்கள் ஊரைத் தொட்டுக் காட்டினார்கள். அவள் முறை வந்தபோது இடக்கையும் சேர்ந்து மேலே எழத்தான் பார்த்தது. ஆனால் அதற்குச் சற்று முன்புதான் ஒருத்தி, மேலே இருந்து வந்த தன் மாமா காட்டுக்குள்ளிருந்து நேராகக் கல்யாணத்துக்கு வந்த கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருந்தாள். ஹைடி நடுவிரல் நுனியைத் தொட்டு, "இங்க, கொஞ்சம் வடக்க" என்றாள். பெரிய பொய்யொன்றும் இல்லை என்று தோன்றியது. ஒரு விரல்கடைதானே வித்தியாசம். அந்த ஒரு விரல்கடையை அதற்குப் பிறகு அவள் தாண்டவே இல்லை. வேலைக்கான நேர்காணலில் நடுவிரல் நுனி. மணந்து பிரிந்த கணவனின் வீட்டாரிடம் நடுவிரல் நுனி. ஊர்ப் பேச்சின் இழுப்பும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துபோனது. அலுவலகத்தில் மாநிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுப்பார்கள். மேலே உள்ள பகுதி தன் பக்கம் வரும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தாள். இந்த வருடம் அந்தப் பகுதிக்காரி பிரசவ விடுப்பில் போனதால் தட்ட முடியவில்லை.

தட்டிக்கழிக்காததற்கு இன்னொரு காரணம் பிரிட்டா. பிரிட்டாவுக்குக் கடல், ஏரி, மண் என்றால் பைத்தியம். நீரியல் படிக்க வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றாள். அந்தப் படிப்பு ஹைடியின் பல்கலைக்கழகத்தில் இருப்பதுபோல மாநிலத்தில் வேறெங்கும் இல்லை. டேல் அசையவில்லை. மகள் படிக்கக் கூடாது என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. மேலேயே படிக்கட்டும் என்றான். ஏரிக்கரையோடு காரில் போனால் மத்தியானத்துக்குள் சேர்ந்துவிடக்கூடிய ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறதே, அங்கே சேரட்டும் என்றான். ஹைடி தொலைபேசியில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கடைசியில் அவன் மனதில் இருந்ததை உடைத்தான். "பாலத்துக்குக் கீழ போறதுல எனக்கு ஒண்ணுமில்ல, எலி. போனது திரும்பி வரணும். நீ வந்தியா?" எலி என்பது அவள் சின்ன வயதுப் பெயர். அண்ணனைத் தவிர யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அவள், நான்தான் வருகிறேனே, பள்ளிக்கே வந்து பேசுகிறேன், நீ வந்து கேள், கேட்டுவிட்டு முடிவு செய் என்றாள். சரி என்றான். மரம் ஏற்றும் லாரியை ஒரு நாள் நிறுத்திவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு வந்து, பெற்றோர் வரிசையில் உட்கார்ந்து கேட்டான். நன்றாகத்தான் கேட்டான்.

பேச்செல்லாம் முடிந்ததும் சுவரோரம் போட்டிருந்த மேசைகளுக்குப் பின்னால் ஒவ்வொரு கல்லூரிக்காரரும் போய் நின்றார்கள். இரண்டு வருடக் கல்லூரிக்காரி சூடாக ஆப்பிள் சாறு ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அங்கே கூட்டம். மின்கம்பம் ஏறக் கற்றுத்தரும் பள்ளிக்காரன் இடுப்பு வாரையும் முள் காலணியையும் மேசையில் பரப்பியிருந்தான். அங்கே அதைவிடக் கூட்டம். விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் ஒஜிப்வே பழங்குடி மக்கள் நடத்தும் கல்லூரியிலிருந்து வந்த அம்மாள் ஒவ்வொரு பிள்ளையிடமும் உன் தாத்தா பெயர் என்ன என்று கேட்டு உறவு கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். ஏரிக்கரைப் பல்கலைக்கழகத்தின் தாடிக்கார இளைஞன் பையன்களிடம் வாங்கு வாங்கென்று வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான். உங்கள் பனிச்சறுக்குக் குழு ஒரு குழுவா என்று அவனைக் கிழித்தார்கள். அவன் திருப்பிக் கொடுத்தான். ஹைடியின் மேசையில் பளபளவென்று கையேடுகளும் பேனாக்களும் அடுக்கியபடியே இருந்தன. யாரும் கோபமாக ஒதுங்கிப் போகவில்லை. கடந்து போனவர்கள் அழகாகத் தலையசைத்தார்கள். ஒரு பையன், "பேச்சு நல்லாருந்துச்சுங்க" என்றுகூடச் சொன்னான். அதுதான் குத்தியது. ஒருத்தர்கூட அவளைக் கேலி செய்யவில்லை. இந்த ஊரில் தங்கள் ஆளென்றால் வாய்க்கு வந்தபடி கிழிப்பார்கள், வெளியாள் என்றால் மரியாதை கொடுப்பார்கள். அவளுக்கு மரியாதை கிடைத்துக்கொண்டே இருந்தது.

டேல் வந்தான். கூடவே புதிதாக வந்திருக்கும் கால்பந்துப் பயிற்சியாளர். விஸ்கான்சின்காரர், கலகலப்பான மனிதர். "எங்களுக்குக் குடுத்துரலாம்னு சொன்னது நீங்கதான? பேப்பர் எல்லாம் ரெடி பண்ணுங்க, நாங்க வாங்கிக்கிறோம்" என்று சிரித்துக்கொண்டே கை நீட்டினார். ஹைடி கை கொடுத்தாள். அவர் டேலின் பக்கம் திரும்பி, உங்களுக்கு இவங்களைத் தெரியுமா என்று கேட்டார்.

டேல் மேசைமேல் இருந்த பேனா ஒன்றை எடுத்து, மூடியைத் திறந்து, மூடினான். "இவங்க பல்கலைக்கழகத்துலேர்ந்து வந்திருக்காங்க" என்றான்.

அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் அவள் திருப்பிக் குத்தியிருப்பாள், அதுதான் அவர்கள் வளர்ந்த வழி. தங்கச்சி என்று சொன்னால் அவளுக்கு அவமானமாக இருக்குமோ என்று யோசித்துச் சொன்னவன் மாதிரி, தரையைப் பார்த்துச் சொன்னான். பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "ராச்சாப்பாட்டுக்கு வருவதானே" என்று தணிந்த குரலில் கேட்டுவிட்டுப் போனான்.

டேலின் வீட்டில் அன்று பேஸ்டி. மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, ருடபாகாக் கிழங்கு எல்லாம் வைத்து மடித்துச் சுட்டது. அண்ணி கானி காலையிலேயே மாவு பிசைந்து வைத்துவிட்டதாகச் சொன்னாள். அவள் ஹைடியின் தட்டுக்குப் பக்கத்தில் தக்காளி சாஸ் ஒரு பக்கமும் இறைச்சிக் குழம்பு ஒரு பக்கமும் வைத்து, "ஒனக்கு எது பழக்கமோ அது போட்டுக்க" என்றாள். காலியோ வீட்டில் பேஸ்டிக்குக் குழம்பு ஊற்றிக்கொள்பவனை மேசையைவிட்டே எழுப்பிவிடுவார்கள். இத்தனை வருடமும் கானி அவளைக் கேட்டதில்லை, சாஸ் புட்டியை எடுத்து அவள் பக்கம் உருட்டிவிடுவதோடு சரி. ஹைடி சாஸைப் போட்டுக்கொண்டாள். பிரிட்டா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். படிப்பைப் பற்றி அவளும் பேசவில்லை, மற்றவர்களும் பேசவில்லை. டேல் பாதியில் எழுந்து, ஆவிக்குளியலுக்குச் சவுனா அடுப்பை மூட்டப் போகிறேன் என்று கொல்லைப்பக்கம் போனான். ஹைடியும் பின்னாலேயே போனாள்.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. சவுனா அறையின் வெளிப்பக்கத்தில் அடுப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிர்ச் மரப்பட்டையைக் கிழித்து நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தான். அவன் சொல்லால் அடிப்பான் என்று காத்திருந்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவன் பட்டையைக் கிழித்துக்கொண்டே இருந்ததால் அவளே ஆரம்பித்தாள்.

"அண்ணே. பிரிட்டா கையத் தூக்கிக் காட்டுனா. நான் பாத்தேன்."

"தெரியும்."

"மறந்துதான் போச்சு மொதல்ல. சத்தியமா மறந்துதான் போச்சு. ஆனா அவ காட்டுன பெறகும் பாத்துட்டுத்தான் அப்பிடிச் சொன்னேன்."

டேல் ஒரு விறகை உள்ளே தள்ளினான். இன்னொன்றை எடுத்துப் பட்டையை உரித்தான். அவனுக்குப் பேச்சு வர நேரமாகும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவள் குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எனக்கு ஒம்மேல கோவம் இல்ல, எலி" என்றான். அந்தப் பெயரைக் கேட்டதும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "நீ சொன்னதும் பின்னாடி கொஞ்சப் பேர் சிரிச்சோம்ல. நானும் சிரிச்சேன். எதுக்குச் சிரிச்சேன்னே தெரியல. மைக்கப் பிடிச்சிக்கிட்டு நல்ல கோட்டுப் போட்டு ஒருத்தி சொல்றா, சிரிச்சிட்டேன். சிரிச்சிட்டுப் பாக்குறேன், எம் மக திரும்பி என்னையப் பாத்துக்கிட்டு இருக்கா."

அடுப்பில் பட்டை சடசடவென்று பிடித்தது. ஹைடிக்கு அவனைத் தொட வேண்டும் போலிருந்தது. அவர்கள் வீட்டில் தொட்டுக்கொள்ளும் வழக்கம் இல்லை.

"கீழ போனா ஒன்னைய மாதிரி ஆயிருவான்னு பயந்தேன்" என்றான் டேல். "இங்க இருந்தா மட்டும் என்ன, என்னைய மாதிரி ஆவா. கீழ உள்ளவனுக நம்மளக் கேலி பண்ணா கூடச் சேந்து சிரிப்பா. அதுக்கு அவ படிப்பையாவது படிக்கட்டும். சொல்லிட்டேன் அவகிட்ட. சாப்பிட வர்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்." அடுப்புக் கதவைச் சாத்தினான். "கூட்டிட்டுப் போ."

இதற்காகத்தான் அவள் இத்தனை தூரம் வந்தாள். இந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காகத்தான். அது கைக்கு வந்தபோது, ஒரு பிச்சைக்காரனின் தட்டிலிருந்து எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. வேண்டாம், இந்தக் காரணத்துக்காக வேண்டாம், வேறு எந்தக் காரணத்துக்காகவாவது அனுப்பு என்று சொல்லத்தான் நினைத்தாள். அப்படிச் சொல்லி அந்தப் பெண்ணின் படிப்பில் மண்ணை அள்ளிப் போட்டால் அது இன்னும் பெரிய பாவம். "சரிண்ணே" என்றாள். அவன் எழுந்து, தண்ணீர் வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான். பெண்கள் முதலில் குளிக்கட்டும் என்று போகிற போக்கில் சொன்னான்.

மறுநாள் காலையில் ஹைடி அடுத்த ஊர்ப் பள்ளிக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. போகிற வழியில் பிரிட்டாவைப் பள்ளியில் இறக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தாள். வெளியே வந்து பார்த்தால் கார் முழுக்க உறைபனி, ஒரு கண்ணாடிகூடத் தெரியவில்லை. டேல் அதற்குள் சுரண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். நீ உள்ளே உட்கார், இந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு இதில் நின்றால் விழுந்து தொலைவாய் என்று அவளைக் காருக்குள் விரட்டினான். நேற்றிலிருந்து அவன் அவளைத் திட்டியது அதுதான் முதல் தடவை. அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பிரிட்டா புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் ஏறினாள். கதவைச் சாத்தியதும் உள்ளே வெளுத்த இருட்டு. வெளியே பனியைச் சுரண்டும் சத்தம் மட்டும் கேட்டது.

ஹைடி பேசிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். இரவெல்லாம் படுக்கையில் அதைத்தான் உருட்டிக்கொண்டிருந்தாள். நேற்று நான் செய்தது தப்பு, நீ காட்டியதுதான் சரி என்று சொல்ல வேண்டும். எளிய வாக்கியம்தான். பல்கலைக்கழக அதிபரையே நிறுத்தி வைத்துப் பேசுகிறவளுக்கு ஒரு பதினேழு வயதுப் பெண்ணிடம் அதைச் சொல்ல வாய் எழவில்லை. என்ஜினை ஓட்டி, வெப்பத்தைக் கூட்டி, பிரிட்டாவின் பக்கம் திரும்பினாள். அதற்குள் பிரிட்டாவே பேசினாள்.

"அத்தை, நேத்து நான் அப்பிடிக் கையத் தூக்கியிருக்கக் கூடாது. ஒங்களுக்கு ஒரு மாதிரி ஆயிருச்சுல்ல? ஸாரி."

"இல்லடா, அது வந்து..."

"இல்ல, எனக்குப் புரிஞ்சிது. அங்க அதெல்லாம் காட்ட மாட்டாங்க." பிரிட்டா பைக்கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள். குரலில் வருத்தமில்லை. பரீட்சைக்கு முன்னால் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ளும் நல்ல மாணவியின் அக்கறைதான் இருந்தது. "நான் அங்க வந்தா என்னையும் எந்த ஊருன்னு கேப்பாங்கல்ல? நீங்க என்ன சொல்லுவீங்க? சொல்லிக் குடுங்க, நானும் அதையே சொல்லிர்றேன்."

ஹைடியின் காது இரண்டும் எரிந்தன. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் தயங்குவதைப் பார்த்து, பிரிட்டா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. அப்பாட்ட சொல்ல மாட்டேன்."

முன்கண்ணாடியில் சுரண்டி வந்து உரசியது. பனி பொடிப்பொடியாக உதிர்ந்து ஒரு கீற்று தெளிந்தது. அதில் முதலில் தெரிந்தது டேலின் கையுறை, பிறகு அவன் தாடை, குளிரில் சிவந்திருந்த மூக்கு. மூலைமுடுக்கு விடாமல் சுரண்டினான். தங்கச்சி வழியில் தட்டுத் தடுமாறக் கூடாதென்று ஓரங்களைச் சுரண்டியின் முனையால் கீறி எடுத்தான். முழு முகமும் தெரிகிற அளவுக்குக் கண்ணாடி தெளிந்ததும் குனிந்து உள்ளே பார்த்தான். இருவரும் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரிந்தது. என்ன பேச்சென்று காதில் விழவில்லை. கேட்கவில்லை என்பதற்குக் காதைத் தொட்டுக் காட்டி, மகளையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்து, சிரித்தான்.